வீட்டில் மரம் செதுக்க முதல் சிஎன்சி ரூட்டர்: தேர்விலிருந்து முதல் வெட்டு வரை முழுமையான வழிகாட்டி

கணினியின் கட்டளைப்படி மரம் செதுக்கும் சிஎன்சி ரூட்டரை வீட்டுக்கு வாங்க நினைப்பவர்களில் பெரும்பாலோர், விளம்பரத்தில் முதலில் கண்ணில் படும் இரண்டு எண்களை வைத்தே முடிவெடுக்கிறார்கள். ஒன்று வேலைப்பரப்பு, மற்றொன்று ஸ்பிண்டிலின், அதாவது வெட்டும் அலகான பிட்டைச் சுழற்றும் மோட்டாரின் வாட்ஸ். இவ்விரண்டும் கடைசியில் பார்க்க வேண்டியவை. என்ன செய்யப்போகிறோம் என்பதில் தொடங்கி, எங்கே வைக்கப்போகிறோம், எந்த மென்பொருளில் வரையப்போகிறோம் என்று வந்து, அதன் பிறகே இயந்திரத்தைத் தேட வேண்டும். இந்த வரிசை மாறினால் பணம் போவதோடு ஆர்வமும் போய்விடுகிறது. புதிதாக வாங்கியவர்கள் பலருக்கு இயந்திரத்தைப் பொருத்திக்கொடுத்தபோது நான் கவனித்தவற்றை அந்த வரிசையிலேயே எழுதுகிறேன்.

1. செய்யப்போகும் பொருட்களை முதலில் எழுதுங்கள்

முதல் ஆறு மாதத்தில் உண்மையிலேயே செய்ய விரும்பும் நான்கைந்து பொருட்களை ஒரு தாளில் எழுதி, ஒவ்வொன்றின் எதிரிலும் அதன் நீள அகலம், தடிமன், மரத்தின் வகை, வெட்டின் வகை ஆகியவற்றைக் குறியுங்கள். இயந்திரத்தின் தேவை முழுவதும் இந்தத் தாளிலிருந்துதான் பிறக்கிறது.

வெட்டின் வகை என்பது மூன்று. பிளைவுட் அல்லது பலகையிலிருந்து வடிவங்களை ஊடுருவி அறுத்தெடுப்பது முதலாவது. இதற்கு விறைப்பும் வலிமையும் வேண்டும். முனை V வடிவில் கூரான வி-பிட் கொண்டு எழுத்துகளையும் கோலங்களையும் பொறிப்பது இரண்டாவது. இதற்கு வலிமை குறைவாக இருந்தாலும் போதும், ஆனால் பலகை முழுவதும் ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும். புடைப்புச் சிற்பம் மூன்றாவது. இதற்கு வேகமும் பொறுமையும் வேண்டும்.

மூன்றாவது வகைக்கு ஆகும் நேரத்தைப் புதியவர்கள் மிகக் குறைவாக மதிப்பிடுகிறார்கள். 300 மி.மீ. நீளமும் 180 மி.மீ. அகலமும் உள்ள பலகையில் 3 மி.மீ. உருண்டைமுனை பிட்டால் ஒரு சிற்பத்தை மெருகுற முடிக்க, கோட்டுக்குக் கோடு 0.3 மி.மீ. இடைவெளி விடுவதாக வைத்துக்கொள்வோம். அப்படியானால் 600 கோடுகள். ஒவ்வொன்றும் 300 மி.மீ. என்பதால் பிட் மொத்தம் 180 மீட்டர் நகர வேண்டும். நிமிடத்துக்கு 1000 மி.மீ. நகரும் இயந்திரத்தில் இது 3 மணி நேரம், 3000 மி.மீ. நகரும் இயந்திரத்தில் 1 மணி நேரம். மேடு பள்ளங்களில் வேகம் குறைந்து கூடுவதால் உண்மையில் இதைவிட அதிகமே ஆகும். அதற்கு முன் தடித்த பிட்டால் பருமட்டாகக் குடைந்தெடுக்கும் நேரம் தனி. உங்கள் தாளில் உள்ள சிற்பத்துக்கும் இதே கணக்கைப் போட்டுப் பாருங்கள். இயந்திரம் ஓடும் நேரம் முழுவதும் நீங்கள் பக்கத்தில் இருந்தாக வேண்டும் என்பதையும் அந்தக் கணக்கில் சேருங்கள்.

2. இடம், மின்சாரம், சத்தம், தூசி

வேலைப்பரப்பு வேறு, இயந்திரம் அடைக்கும் இடம் வேறு. சட்டம், மோட்டார்கள், கேபிள்கள் எல்லாம் வேலைப்பரப்புக்கு வெளியே நீண்டிருக்கும். பக்கவாட்டில் கை நுழைத்து கிளாம்ப் இறுக்கவும் தூசி குழாயை மாற்றவும் இடம் வேண்டும். வாங்க நினைக்கும் இயந்திரத்தின் வெளிப்புற அளவைக் கேட்டு, அந்த அளவுக்குத் தரையில் சாக்பீஸால் கோடு போட்டு, அதைச் சுற்றி நடந்து பாருங்கள். மேசை ஆடாததாகவும் சமதளமாகவும் இருக்க வேண்டும். மேசை முறுக்கியிருந்தால் மெல்லிய சட்டம் கொண்ட இயந்திரமும் அதோடு சேர்ந்து முறுக்கிக்கொள்ளும்.

இயந்திரத்தையும் வேக்குவம் கிளீனரையும் ஒரே எக்ஸ்டென்ஷன் போர்டில் செருகக் கூடாது. இரண்டும் சேர்ந்து இழுக்கும் மின்சாரத்தை அந்த ஒயர் தாங்காமல் சூடாகலாம். வேக்குவம் இயங்கத் தொடங்கும் கணத்தில், மோட்டார்களுக்குக் கட்டளையிடும் மின்னணுப் பலகையான கன்ட்ரோலர் தடுமாறவும் கூடும். நல்ல எர்த் இணைப்பு கட்டாயம் வேண்டும்.

தூசியைப் பற்றி அழுத்தமாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. உலக சுகாதார அமைப்பைச் சேர்ந்த புற்றுநோய் ஆய்வு முகமை, மரத்தூளை மனிதருக்குப் புற்றுநோய் விளைவிக்கும் பொருட்களின் முதல் பிரிவில் வைத்திருக்கிறது. மரநாரைப் பசையிட்டு அழுத்திச் செய்யும் எம்டிஎஃப் பலகையின் தூள் மிக மென்மையாக இருப்பதால் காற்றில் நெடுநேரம் மிதக்கும். அதன் பசையில் ஃபார்மால்டிஹைடும் உண்டு. ஸ்பிண்டிலைச் சுற்றிப் பிரஷ் வைத்த தூசி உறை, அதிலிருந்து வேக்குவம் வரை குழாய், நடுவில் தூளைப் பிரித்துச் சேர்க்கும் சைக்ளோன் வாளி, முகத்தில் என்95 அல்லது அதற்கு இணையான முகக்கவசம் ஆகியவை முதல் நாளிலேயே இருக்க வேண்டும். படுக்கையறையில் இந்த இயந்திரத்தை வைக்கவே கூடாது.

சத்தமும் சிறிதல்ல. ஸ்பிண்டில், வெட்டு, வேக்குவம் மூன்றும் சேரும்போது காதுகவசம் இல்லாமல் நிற்கக் கூடாத அளவுக்குச் சத்தம் எழும். அண்டை வீட்டுச் சுவரை ஒட்டி வைப்பதற்கு முன் இதை நினைத்துப் பாருங்கள்.

3. பணம் கட்டும் முன் மென்பொருளைக் கற்றுக்கொள்ளுங்கள்

இயந்திரம் வந்த பிறகு மென்பொருளைக் கற்கலாம் என்று தள்ளிப்போடுவதுதான் நான் அதிகம் காணும் தவறு. இயந்திரத்தைப் பொருத்துவது ஓரிரு நாள் வேலை; வரைந்ததை வெட்டுப்பாதையாக மாற்றக் கற்பதுதான் நீண்ட வேலை.

இதில் மூன்று கட்டங்கள் உண்டு. முதலில் வடிவத்தை வரைய வேண்டும். அடுத்து எந்த பிட், எவ்வளவு ஆழம், எந்த வேகம் என்று சொல்லி வெட்டுப்பாதையை உருவாக்கி, இயந்திரத்துக்கான நகர்வுக் கட்டளைகள் அடங்கிய ஜி-கோட் கோப்பாக எடுக்க வேண்டும். கடைசியாக அந்தக் கோப்பை இயந்திரத்துக்கு வரிவரியாக அனுப்பும் மென்பொருள் வேண்டும். முதல் இரண்டையும் சேர்த்தே செய்பவை விகார்வ், ஃபியூஷன், ஃப்ரீகேட், ஈசல், கார்பைடு கிரியேட் போன்றவை. அனுப்புவதற்கு யுனிவர்சல் ஜி-கோட் சென்டர், கேண்டில், ஜிசென்டர் போன்றவை இலவசமாகவே கிடைக்கின்றன.

பலவற்றுக்கு இலவசப் பதிப்போ சோதனைப் பதிப்போ உண்டு. முதல் பிரிவில் எழுதிய தாளில் உள்ள ஒரு பொருளையாவது வரைந்து, வெட்டுப்பாதை அமைத்து, திரையில் பாவனை வெட்டு ஓட்டிப் பாருங்கள். அது சொல்லும் நேரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். இந்தப் பயிற்சி பிடித்துப்போனால் இயந்திரமும் பிடிக்கும். கணினி முன் உட்கார்ந்து செய்யும் இந்தப் பகுதி அலுப்பாக இருந்தால், நல்ல உளிகளும் கை ரூட்டரும் வாங்குவதே உங்களுக்கு உகந்தது என்பது என் கருத்து.

இன்னொன்றையும் இப்போதே பார்த்துவிடுங்கள். வெட்டுப்பாதை மென்பொருள், உங்கள் கன்ட்ரோலருக்குப் புரியும் ஜி-கோட் எழுத வேண்டும். வெட்டுப்பாதையை அப்படி மாற்றி எழுதும் பகுதியான போஸ்ட் பிராசஸர் அதில் இருக்கிறதா என்று சரிபாருங்கள். ஜிஆர்பிஎல் என்ற இலவச மென்பொருளில் ஓடும் கன்ட்ரோலருக்கு, மாக்3 என்ற வேறொரு கட்டுப்பாட்டு மென்பொருளுக்கான கோப்பைக் கொடுத்தால் சில வரிகளில் பிழை காட்டி நிற்கக்கூடும். அங்குலமா மில்லிமீட்டரா என்பதையும் மென்பொருளிலும் போஸ்ட் பிராசஸரிலும் ஒன்றாக வையுங்கள். மாறினால் வடிவம் 25.4 மடங்கு பெரிதாகவோ சிறிதாகவோ வரும்.

4. வேலைப்பரப்பு: தேவைக்குச் சற்றே அதிகம், அவ்வளவுதான்

பெரிதாக வாங்கிவிட்டால் பிற்காலத்துக்கும் ஆகும் என்ற எண்ணம் இங்கே செல்லாது. இரு பக்கமும் தாங்கப்பட்டு நடுவில் பாரம் ஏற்ற ஒரு தண்டின் வளைவு, அதன் நீளத்தின் மும்மடிப் பெருக்கமாகக் கூடும். ஸ்பிண்டிலைத் தாங்கும் குறுக்குச்சட்டத்தின் கனத்தை மாற்றாமல் அதன் நீளத்தை இரு மடங்காக்கினால், அதே விசைக்கு அது எட்டு மடங்கு வளையும். ஒரே விலையில் சிறியதும் பெரியதும் கிடைத்தால், பெரியது மெலிந்தது என்றே பொருள்.

தாளில் உள்ள மிகப் பெரிய பொருளின் அளவோடு, சுற்றிலும் கிளாம்ப் பிடிக்க ஒரு 50 மி.மீ. சேர்த்துக்கொண்டால் போதும். எப்போதோ ஒருமுறை வரும் நீளமான பலகைக்காக, முன்னும் பின்னும் திறந்த சட்டமுள்ள இயந்திரம் இருந்தால் பலகையை நகர்த்தி நகர்த்தி வெட்டலாம்.

செங்குத்து உயரத்தைக் கவனிக்க மறந்துவிடுகிறார்கள். பலகையின் தடிமன், இயந்திரத்தின் அடித்தளமான படுகை வெட்டுப்படாமல் இருக்க அடியில் போடும் தியாகப் பலகையின் தடிமன், பிட்டின் தண்டைக் கவ்வும் கோலெட்டுக்குக் கீழே நீளும் பிட், மேலே தூக்கி நகரத் தேவையான இடைவெளி ஆகிய நான்கும் குறுக்குச்சட்டத்துக்கும் படுகைக்கும் இடையே அடங்க வேண்டும். 3018 என்று அழைக்கப்படும் மிகச் சிறிய வகையில் செங்குத்து நகர்வு பொதுவாக 45 மி.மீ. அளவே இருக்கும், தடித்த கட்டையில் சிற்பம் செதுக்க நினைப்பவருக்கு அது போதாது.

5. விறைப்பு: இயந்திரத்தின் உயிர் இங்கேதான்

வெட்டும்போது மரம் பிட்டைத் தள்ளுகிறது. பிட்டோடு ஸ்பிண்டிலும், ஸ்பிண்டிலோடு சட்டமும் தள்ளப்படுகின்றன. எந்த அளவுக்கு விலகுகிறதோ அந்த அளவுக்கு வெட்டு பிசகும், பிட் அதிரும், ஓரம் கிழியும். விளம்பரத்தில் 0.01 மி.மீ. துல்லியம் என்று எழுதியிருப்பது, மோட்டார் எவ்வளவு நுண்ணிய அடி (ஸ்டெப்) வைக்கிறது என்ற கணக்கு மட்டுமே. விசை படும்போது சட்டம் எவ்வளவு விலகும் என்பதை அது சொல்வதில்லை.

முதலில் நகர்வுத் தடங்களைப் பாருங்கள். இரு முனைகளில் மட்டும் தாங்கப்பட்ட உருளைத் தண்டுகள் நடுவில் வளையும். சிறு பொறிப்புகளுக்கு மட்டும் அவை ஏற்றவை. அலுமினியச் சட்டத்தில் ஓடும் வி-சக்கரங்கள் மென்மரத்துக்கும் பிளைவுட்டுக்கும் போதும், ஆனால் தேயத் தேய இறுக்கிக்கொண்டே இருக்க வேண்டும். நீளம் முழுவதும் அடியில் தாங்கப்பட்ட உருளைத் தடம் அதனினும் மேல். சதுர வடிவ லீனியர் ரெயில் எல்லாவற்றிலும் சிறந்தது. தேக்கு போன்ற கடின மரங்களில் ஊடுருவி அறுக்க நினைப்பவர் இதைத்தான் தேட வேண்டும்.

அடுத்தது இழுக்கும் முறை. பெல்ட் வேகமாக ஓடும், ஆனால் நீளம் கூடக்கூட அதன் இழுபடும் தன்மையும் கூடும். நட்டை நகர்த்தும் மரையுள்ள தண்டான லீட் ஸ்க்ரூ மலிவானது. வேகம் குறைவு, நட்டு தேய்ந்தால் முன்பின் ஆட்டம் வரும், நீளமான ஸ்க்ரூ வேகமாகச் சுழன்றால் துள்ளும். நட்டுக்குள் சிறு உருண்டைகள் ஓடும் பால் ஸ்க்ரூவில் ஆட்டம் மிகக் குறைவு, விலை கூடுதல். 16 மி.மீ. தடிமனும் ஒரு சுற்றுக்கு 5 அல்லது 10 மி.மீ. நகர்வும் உள்ள பால் ஸ்க்ரூக்கள் வீட்டு இயந்திரங்களில் பரவலாக இருக்கின்றன.

நேரில் பார்க்க வாய்ப்பு கிடைத்தால் ஒரு சோதனை செய்யுங்கள். இயந்திரத்துக்கு மின்சாரம் கொடுத்து மோட்டார்கள் பிடித்து நிற்கும் நிலையில், ஸ்பிண்டிலை மட்டும் அணைத்து அதன் மின் இணைப்பைக் கழற்றிவிட்டு, குறுக்குச்சட்டத்தின் நடுவுக்குக் கொண்டுவாருங்கள். நுண்ணிய நகர்வை முள்ளால் காட்டும் டயல் கேஜ் ஒன்றைப் படுகையில் வைத்து அதன் முனையை கோலெட் நட்டில் தொடவிடுங்கள். பெட்டி தூக்கும் தொங்கு தராசை கோலெட்டில் மாட்டி 5 கிலோ காட்டும் வரை இழுத்து, முள் எவ்வளவு நகர்கிறது என்று பாருங்கள். இடவலமும் முன்பின்னும் தனித்தனியே செய்ய வேண்டும். 0.1 மி.மீ. அளவில் நின்றால் வீட்டு இயந்திரத்தில் அது மிக நல்ல விறைப்பு. அரை மில்லிமீட்டரைத் தொட்டால், கடின மரத்தில் மெல்ல மெல்லச் சுரண்டித்தான் வேலை வாங்க முடியும். இழுத்த விசையை எடுத்ததும் முள் பழைய இடத்துக்குத் திரும்பவில்லை என்றால், எங்கோ ஆட்டம் இருக்கிறது. ஏதோ ஒரு போல்ட் அல்லது நட்டு தளர்ந்திருக்கலாம்.

6. ஸ்பிண்டில்

மிகச் சிறிய இயந்திரங்களில் வரும் 775 வகை டிசி மோட்டார், எழுத்துப் பொறிப்புக்கும் மெல்லிய வெட்டுக்கும் மட்டுமே. அதற்கு மேல் இரண்டு வழிகள் உண்டு. கை டிரிம் ரூட்டரை மாட்டிக்கொள்வது மலிவு. பழுதானால் எளிதில் மாற்றலாம். ஆனால் சத்தம் அதிகம், கார்பன் பிரஷ் தேயும், பெரும்பாலானவற்றில் நிமிடத்துக்கு 10,000 சுற்றுக்குக் கீழே இறங்க முடியாது. மின்சாரத்தின் ஹெர்ட்ஸை மாற்றிச் சுழற்சியைக் கூட்டிக் குறைக்கும் விஎஃப்டி கருவியோடு வரும் ஸ்பிண்டில் அமைதியானது, மணிக்கணக்கில் ஓடக்கூடியது. விலையும் எடையும் கூடுதல். எடையைத் தாங்கச் செங்குத்து மோட்டாரும் தடமும் இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும்.

நிமிடத்துக்கு 24,000 சுற்று ஓடும் ஸ்பிண்டிலுக்கு 400 ஹெர்ட்ஸ் மின்சாரம் வேண்டும். விஎஃப்டி பெரும்பாலும் 50 ஹெர்ட்ஸ் மோட்டாருக்கான அமைப்போடு வரும். அதை மாற்றாமல் ஓட்டினால் ஸ்பிண்டில் எரிந்துபோகும். விற்பவர் அமைத்துத் தருகிறாரா என்று எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

கோலெட் அளவு பிட்டின் தண்டுக்குச் சரியாகப் பொருந்த வேண்டும். 6 மி.மீ. தண்டும் 6.35 மி.மீ. தண்டும் பார்வைக்கு ஒன்றுபோல இருக்கும்; 6.35 கோலெட்டில் 6 மி.மீ. பிட்டை மாட்டி இறுக்கினால் ஓட்டத்தில் நழுவிக் கீழே இறங்கும், அல்லது பறக்கும். இயந்திரத்தோடு எந்தக் கோலெட் வருகிறது என்று பார்த்து, அதற்கேற்ற பிட்டுகளை மட்டும் வாங்குங்கள்.

7. கன்ட்ரோலரும் நிறுத்தும் பொத்தானும்

ஜிஆர்பிஎல் அல்லது அதன் வழிவந்த கன்ட்ரோலர்கள் தொடங்குபவருக்கு நல்லவை. உதவி எளிதில் கிடைக்கும், பல மென்பொருட்கள் அவற்றோடு பேசும். தங்கள் மென்பொருளோடு மட்டுமே வேலை செய்யும் மூடிய கன்ட்ரோலர்களைத் தவிர்ப்பது நல்லது, ஏனெனில் அந்த நிறுவனம் ஆதரவை நிறுத்தினால் இயந்திரமும் நின்றுவிடும்.

எல்லா அச்சிலும், நகர்வின் எல்லையை உணரும் லிமிட் சுவிட்ச் வேண்டும். அது இருந்தால்தான் மின்சாரம் போய் வந்த பிறகும் இயந்திரம் தன் தொடக்கப் புள்ளியை மீண்டும் கண்டுபிடிக்கும். இல்லாவிட்டால் பாதியில் நின்ற வேலை பாழ். அவசர நிறுத்தப் பொத்தான் மோட்டார்களை மட்டும் நிறுத்துகிறதா, ஸ்பிண்டிலின் மின்சாரத்தையும் துண்டிக்கிறதா என்று கேளுங்கள். இரண்டாவதே வேண்டும்.

8. இயந்திரத்தின் விலை மொத்தச் செலவல்ல

கையில் உள்ள தொகை முழுவதையும் இயந்திரத்துக்கே கொடுத்துவிட்டால் அது மூலையில் நிற்கும். மூன்றில் ஒரு பங்கையாவது மற்றவற்றுக்கு ஒதுக்குங்கள்: வேக்குவம், சைக்ளோன், முகக்கவசம், காதுகவசம், கண்ணாடி, தீயணைப்பான், கிளாம்ப்கள், தியாகப் பலகை, வெர்னியர், பிட்டுகள், பயிற்சி மரம்.

ஐம்பது பிட்டுகள் கொண்ட மலிவுப் பெட்டி வேண்டாம். 3.175 மற்றும் 6 மி.மீ. நேர் பிட்டுகள், 60 அல்லது 90 பாகை வி-பிட் ஒன்று, சிற்பத்துக்கு உருண்டைமுனை பிட் ஒன்று, தியாகப் பலகையை மட்டமாக்க அகன்ற பிட் ஒன்று ஆகியவை தொடக்கத்துக்குப் போதும். நேர் பிட்டுகளில் கீழ்நோக்கி வெட்டும் சுருள் உள்ளதை மேற்பரப்பு கிழியாமல் இருக்கவும், மேல்நோக்கி வெட்டுவதை ஆழமான பள்ளத்திலிருந்து தூள் வெளியேறவும் பயன்படுத்துகிறோம். சிறிய பிட்டுகள் உடையும் என்பதால் அவற்றில் மட்டும் இரண்டிரண்டாக வாங்குங்கள்.

9. பொருத்தும் வரிசை

சட்டத்தின் இரு மூலைவிட்டங்களையும் அளந்து, இரண்டும் சமமாகும் வரை போல்ட்டுகளை இறுக்காதீர்கள். அதன் பிறகு குறுக்குச்சட்டம் இருபுறமும் ஒரே தூரத்தில் நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். இது தவறினால் நீங்கள் வெட்டும் ஒவ்வொரு சதுரமும் சாய்சதுரமாகவே வரும். மென்பொருளில் எளிதில் திருத்த முடியாது.

அடுத்து நகர்வு அளவு. ஒரு சுற்றுக்கு 200 அடி (ஸ்டெப்) வைக்கும் மோட்டார், ஒவ்வோர் அடியையும் 16 ஆகப் பிரிக்கும் நுண்ணடிப் பகுப்பு, சுற்றுக்கு 8 மி.மீ. நகரும் ஸ்க்ரூ என்றால், மில்லிமீட்டருக்கு 400 அடி. இந்தக் கணக்கோடு ஒத்துப்போகிறதா என்று பார்த்து, பிறகு 200 மி.மீ. நகரச் சொல்லி அளந்து சரிசெய்யுங்கள்.

அதன் பிறகே ஸ்பிண்டிலின் நேர்மை. மின் இணைப்பைக் கழற்றிவிட்டு, கோலெட்டில் வளைத்த கம்பி ஒன்றை மாட்டிக் கையால் சுற்றி, கம்பியின் முனை நான்கு திசையிலும் படுகையில் கிடக்கும் ஒரு தாளை ஒரே அளவில் உரசுகிறதா என்று பாருங்கள். கடைசியாகத் தியாகப் பலகையைத் திருகி மாட்டி, அகன்ற பிட்டால் முழுவதும் அரை மில்லிமீட்டர் சீவிவிடுங்கள். இந்தச் சீவலைத் தவிர்த்தவர்களின் வி-பிட் எழுத்துகள் ஒரு பக்கம் தடித்தும் மறுபக்கம் மெலிந்தும் வருகின்றன.

10. முதல் வெட்டுகள்

முதலில் பிட் இல்லாமல், பலகைக்கு மேல் 20 மி.மீ. உயரத்தில் கோப்பை ஓட்டிப் பாருங்கள். கிளாம்ப் மீது மோதுமா, வடிவம் பலகைக்குள் அடங்குமா என்பது இதில் தெரிந்துவிடும். அடுத்து கெட்டியான தெர்மாகோல், அதன் பின் மென்மரம், கடைசியாகக் கடின மரம்.

வேகத்தைக் குத்துமதிப்பாக வைக்காதீர்கள். சுழற்சி வேகம், பிட்டில் உள்ள வெட்டுவாய்களின் எண்ணிக்கை, ஒரு வாய் ஒருமுறை சீவும் தடிமன் ஆகிய மூன்றையும் பெருக்கினால் நகர்வு வேகம் கிடைக்கும். 3.175 மி.மீ. பிட், இரண்டு வாய், நிமிடத்துக்கு 18,000 சுற்று, வாய்க்கு 0.04 மி.மீ. என்றால் நிமிடத்துக்கு 1440 மி.மீ. உங்கள் இயந்திரத்தால் அவ்வளவு வேகம் முடியாவிட்டால் நகர்வை மட்டும் குறைக்கக் கூடாது. சுழற்சியை 10,000-க்கு இறக்கி 800 மி.மீ. வேகத்தில் ஓட்டுங்கள், அல்லது ஒற்றை வாய் பிட்டை மாட்டி 720 மி.மீ. வேகத்தில் ஓட்டுங்கள். வேகமாகச் சுழன்று மெதுவாக நகரும் பிட் சீவுவதில்லை, தேய்க்கிறது. தேய்ப்பதால் சூடாகி மரம் கருகும். அந்தக் கங்கு வேக்குவத்துக்குள் இழுக்கப்பட்டால் தூளுக்குள் புகைந்து, நீங்கள் கதவைச் சாத்திவிட்டுப் போன பிறகு தீப்பிடிக்கவும் கூடும். ஆழத்தை முதலில் பிட் விட்டத்தின் பாதிக்கு மேல் வைக்க வேண்டாம்.

வெளிவரும் தூளை எடுத்துப் பாருங்கள். சிறு சிறு சீவல்களாக இருந்தால் வேகம் சரி. மாவு போல இருந்தால் நகர்வு போதவில்லை. எம்டிஎஃப் எப்போதும் மாவாகவே வரும் என்பதால், இந்தச் சோதனையை மரத்தில் மட்டும் செய்ய வேண்டும்.

கையுறை, தொங்கும் துணி, விரித்த தலைமுடி மூன்றும் சுழலும் பிட்டின் அருகே கூடாது. கணினி தூங்கும் அமைப்பையும் அணைத்துவிடுங்கள். நடுவில் கணினி உறங்கினால் கோப்பு நின்று, ஸ்பிண்டில் மட்டும் ஒரே இடத்தில் சுழன்று மரத்தைக் கருக்கும்.

11. வெட்டைப் பார்த்துக் குறையை அறிவது

சோதனைக்காக ஒரு பலகையில் 50 மி.மீ. வட்டம் ஒன்றும் சதுரம் ஒன்றும் வெட்டி வைத்துக்கொள்ளுங்கள்.

வட்டத்தின் நான்கு திசைகளில் சிறு தட்டைப் பகுதிகள் தெரிந்தால், திசை மாறும் இடத்தில் ஆட்டம் இருக்கிறது; நட்டையும் பெல்ட்டையும் பாருங்கள். வட்டம் முட்டை வடிவமானால் ஓர் அச்சின் நகர்வு அளவு தவறு. சதுரத்தின் மூலைவிட்டங்கள் மாறினால் சட்டம் சதுரத்தில் இல்லை.

பள்ளத்தின் அடியில் விரலால் தடவும்போது படிப்படியாகத் தட்டுப்பட்டால் ஸ்பிண்டில் சாய்ந்திருக்கிறது. வடிவத்தின் மேல்பாதி சரியாகவும் கீழ்ப்பாதி சற்றுத் தள்ளியும் இருந்தால், நடுவில் மோட்டார் அடி தவறியிருக்கிறது. ஆழத்தையோ வேகத்தையோ குறைக்க வேண்டும், அல்லது கேபிளோ குழாயோ எங்காவது சிக்கியதா என்று தேட வேண்டும். ஒவ்வொரு முறையும் ஆழம் கூடிக்கொண்டே போனால் இயந்திரத்தைக் குறை சொல்லும் முன் கோலெட்டைக் கழற்றித் துடைத்து, முதலில் நட்டுக்குள் சொடுக்கென்று பொருத்தி, பிறகு பிட்டை நுழைத்து இறுக்குங்கள். பிட் நழுவுவதுதான் பெரும்பாலும் காரணம்.